அம்மாவின் கையெழுத்து

பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தான் செய்வது பிழை என்று தெரியுமா, தெரியாதா? ஈரச் சீமெந்தின் மணம் மூக்கில் ஏறும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது.

சுனாமி வீட்டைக் கொண்டுபோன பிறகு, நிலாவெளியில் வீதியோரமாக அடித்த தகரக் "கொட்டில்களில்" இருந்தோம். எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு "கக்கூசு" வரிசை கட்டித்தர ஒரு திட்டம் வந்தது. எங்கே, எப்படிக் கட்டுவது என்று முடிவெடுக்கும் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை என்பதால், அம்மாவின் பெயரும் ஏறியது. கதவுகள் வீதியைப் பார்க்கக் கூடாது, தண்ணீர் உள்ளேயே இருக்க வேண்டும் என்று கூட்டத்தில் சொல்ல அம்மா யோசித்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். அம்மாவின் தம்பிதான் குழுவின் செயலாளர். அந்த மாமா அம்மாவைக் கூட்டங்களுக்குக் கூப்பிடவேயில்லை. வந்தவர்கள் கையெழுத்துப் போடும் கூட்டக் கொப்பியை என்னிடம் நீட்டினார்.

"அக்காவுக்கு ஏன் வீண் அலைச்சல்? நீ வடிவாய் எழுதுவாய்தானே, போடு பிள்ளை."

மூன்று பக்கங்களில் அம்மாவின் கையெழுத்தைப் போட்டேன். பெரியவர்களின் வேலையைச் செய்கிற பெருமை எனக்கு.

கட்டி முடிந்தபோது ஆறு கதவுகளும் பஸ் தரிப்பிடத்தைப் பார்த்தபடி நின்றன; உள்ளே தண்ணீரும் இல்லை. வாளியோடு போகிறவளை அங்கே நிற்கிற ஆண்கள் எல்லாரும் பார்ப்பார்கள் என்பதால், பெண்கள் பகலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்தார்கள். குழுவில் இருந்தவர் என்று அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். உங்களுக்கும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறதே, எப்படி மனம் வந்தது என்று பக்கத்துக் கொட்டில் அக்கா கேட்டார். ஒரு கூட்டமும் தனக்குத் தெரியாது என்று அம்மா சொல்ல, திட்டத்திலிருந்து வந்த மிஸ் கொப்பியை விரித்துக் காட்டினார்.

அம்மா என் உருண்டை எழுத்துகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓம் மிஸ், என்ட கையெழுத்துத்தான். நான்தான் யோசிக்காம விட்டிட்டன்."

மாமா வாய் திறக்கவில்லை. நானும்தான். அதன்பிறகு பல மாதங்கள் தண்ணீர் எடுக்கிற இடத்தில் அம்மாவோடு ஒருவரும் கதைக்கவில்லை. அம்மா என்னிடம் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதுமில்லை.

இப்போது அந்தக் கொட்டில்களும் இல்லை, கக்கூசு வரிசையும் இல்லை. அங்கே ஒரு ஹோட்டலின் மதில் நிற்கிறது. ஆனால் அம்மா இன்றும் வெளிக்கிட்டால், வீடு திரும்பும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அம்மம்மாவுக்கு ஏன் தாகமே வருவதில்லை என்று என் ஏழு வயது மகள் கேட்கிறாள். இந்த மாதம் அவளுடைய தண்ணீர்ப் போத்தலும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறைந்தபடியே திரும்பி வருகிறது.

உண்மையைச் சொன்னால், எனக்காக அத்தனை பேருக்கு முன்னால் அம்மா சொன்ன பொய்யை நானே உடைத்ததாகிவிடுமோ? சொல்லாவிட்டால், இதுதான் பெண்களின் வழக்கம் என்று மகள் நினைத்துவிடுவாளோ? பிள்ளை வளர்க்கும் தாய்மாரே, அவளிடம் நான் என்ன சொல்லட்டும்? தெரிந்தால் எழுதுங்கள்.