மஞ்சள் விளக்கு எரியாத வண்டி

அன்று வண்டிக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டுகிற இடத்தில் ஒரு மருமகன்; மறைமலை நகருக்கு அந்தப் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. அவருக்குப் பக்கத்தில் அவருடைய மாமனார். திருக்கழுக்குன்றம் கோயில் அலுவலகத்தில் அர்ச்சனைச் சீட்டுக் கணக்குப் பார்ப்பவர், வண்டியை வாங்க வந்தவர், மடியில் புளியோதரைத் தூக்கு. பின் சீட்டில் இடது பக்கம் செங்கல்பட்டு கார் புரோக்கர். வலது பக்கம் நான்.

வண்டி என்னுடையது. ஆனால் வாங்கிய நாளிலிருந்து அதன் பின் சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான். பின் கதவுகள் இரண்டிலும் குழந்தைப் பூட்டைப் போட்டு வைத்தவனும் நானே. சவாரி வரும் வீட்டுப் பிள்ளைகள் ஓடும்போது கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று பயந்து, வாங்கிய வாரமே போட்டது. அந்தப் பூட்டு விழுந்திருந்தால் உள்ளே இருக்கிறவனால் கதவைத் திறக்க முடியாது. வெளியே இருந்து யாராவது வந்து திறந்துவிட வேண்டும்.

ரெண்டாயிரங்களின் கடைசி வருஷங்கள் அவை. கையில் செல்போன் இருந்தும் பேசக் காசு பார்த்த காலம். "வித்துட்டா ஒரு மிஸ்டு கால் குடு, விக்கலைன்னா ரெண்டு குடு" என்று சொல்லித்தான் என் மனைவி என்னை அனுப்பியிருந்தாள்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பல வருஷம் ஊரார் வண்டியை ஓட்டிவிட்டு, பைனான்ஸில் இந்தப் பழைய காரை எடுத்து மாமல்லபுரம் ஸ்டாண்டில் போட்டேன். வெள்ளைக்காரர்கள், அணுமின் நிலையத்துக்காரர்கள் இருக்கும் அணுபுரம் குடும்பங்கள், ஆஸ்பத்திரி சவாரி என்று கொஞ்ச நாள் ஓடியது. பிறகு பெரிய ஏ.சி. வண்டிகள் வந்தன. என் வண்டி ஸ்டாண்டில் நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. தவணை நின்றது. திங்கட்கிழமைக்குள் பாக்கி ஒரு லட்சத்து முப்பதாயிரத்தையும் கட்டு, இல்லையென்றால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவோம், அதற்குப் பிறகும் பாக்கி நின்றால் வீட்டுக்கு வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று சனிக்கிழமை. புரோக்கர் ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்துக்குப் பேசி வைத்திருந்தார். அதில் ஐயாயிரம் அவருக்கு. எனக்கு மிஞ்சப் போவது ஒன்றுமில்லை. ஆனால் கடனும் மிஞ்சாது. அந்த ஒன்றுமில்லாத நிலைக்காக நான் எத்தனை ராத்திரி ஏங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

செங்கல்பட்டு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியிருந்தோம். மருமகன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சினைக் கேட்கவில்லை, ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னா பிரதர், மணி பத்தரை ஆவுது. இதுல ரெண்டே காலுன்னு காட்டுது?"

"தெனமும் காலைல பேட்டரி வயரைக் கழட்டி மாட்டுவேன் சார். அதுல கடிகாரம் போயிடும்."

"இன்னாத்துக்குக் கழட்டணும்?"

"மஞ்ச விளக்கு வராம இருக்க."

புரோக்கர் என் தொடையில் கிள்ளினார். கிள்ளிய கையை எடுக்காமலே முன்னால் குனிந்து சிரித்தார். "லைட்டும் இல்ல ஒண்ணும் இல்ல சார். அண்ணாத்த பயந்த ஆளு. வெயில் காலத்துலயே கொடைய வெச்சுகினு வூட்டுக்குள்ள குந்தியிருக்கும்."

நான் எதையும் மறைக்க நினைக்கவில்லை. எங்கள் ஸ்டாண்டில் அது வைத்தியம். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால், பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு, வயரைக் கழற்று, ஒரு டீ குடி, மாட்டு. விளக்கு போய்விடும். எல்லோரும் செய்தார்கள். நான் கொஞ்சம் கூடுதலாகப் பயப்படுகிறவன் என்பதால் விளக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வண்டியைத் துடைத்து, ஸ்டியரிங்குக்குக் குங்குமம் வைக்கிற மாதிரி, அதையும் தினசரி வேலையாக்கிவிட்டேன்.

மருமகன் பையிலிருந்து கை அகலப் பெட்டி ஒன்றை எடுத்து, அதன் வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே எங்கோ செருகினார். அங்கே ஒரு துளை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"மாப்ள, நல்லா இருக்கா, இல்லையா?" என்றார் மாமனார்.

"சொல்ல முடியாது மாமா. புகையைச் சுத்தம் பண்ற சாமான் எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு இந்த வண்டியோட கம்ப்யூட்டர் தானே பரிட்சை வெச்சுப் பாத்துக்கும். ஒண்ணொண்ணுக்கும் ஒரு பரிட்சை. இதுல ஒண்ணுகூட முடியல."

"ஃபெயிலா?"

"எழுதவே இல்ல. பேட்டரியைக் கழட்டினா பழசு எல்லாம் மறந்துடும், மறுபடியும் மொதல்லேருந்து. இவரு தெனமும் காலைல அதைக் கொண்டுபோய் ஒண்ணாங்கிளாஸ்ல குந்த வெச்சிருக்காரு."

புரோக்கர் மரியாதைக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின்தான் உறைத்தது. விளக்கு எரியவில்லை என்பதை நல்ல சேதியாக நினைத்து வந்தவன் நான். இவருக்கு அது சேதியே இல்லை.

"ஓட்டிப் பாத்துடுவோம்" என்றார் மருமகன். "ஈ.சி.ஆர்ல ஒரே வேகத்துல கொஞ்ச நேரம் போனா பரிட்சை முடிஞ்சிடும். நீங்க பின்னாடி ஏறுங்க."

ஏறினேன். புரோக்கர் ஏறினார். கதவுகள் மூடிக்கொண்டன.

திருக்கழுக்குன்றம் வரைக்கும் பெட்டியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மருமகன் பிரேக் போடுமுன்பே என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. மலை தெரிந்ததும் மாமனார் தூக்கை ஒரு கையால் பிடித்தபடி இன்னொரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். விளக்கு வராமல் இருக்க வேண்டும் என்று நான் வேண்டியபோது, அதே வண்டி நல்லபடியாக அமைய வேண்டும் என்று அவரும் வேண்டியிருப்பார். இரண்டு வேண்டுதலும் ஒரே சாமிக்குப் போனால் அவர் என்ன செய்வார் என்று அதற்கும் ஒரு கவலை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி வேகம் நிலைத்ததும் பெட்டியில் இரண்டு கோடுகள் ஓடத் தொடங்கின. மாமனார் பெட்டியைத் தூக்கின் மேல் வைத்துப் பிடித்திருந்ததால் பின்னாலிருந்தே எனக்குத் தெரிந்தது. மேலே ஒரு கோடு, மேலும் கீழும் துள்ளிக்கொண்டு. கீழே இன்னொன்று.

"இது இன்னா மாப்ள, ஆஸ்பத்திரியில வெக்கிற மாதிரி?"

"சைலன்சர் குழாய்ல, எஞ்சினை ஒட்டி ஒரு பெட்டி இருக்கு மாமா. உள்ள தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். விஷப் புகை அதுக்குள்ள போய் மாறித்தான் வெளிய வரணும். இது வெளிநாட்டுக்கும் போற மாடல். அதான் அந்தப் பெட்டிக்கு முன்னாடி ஒரு சென்சார், பின்னாடி ஒரு சென்சார். மேல் கோடு முன்னாடி இருக்கறது. அது துள்ளணும். கீழ் கோடு பின்னாடி இருக்கறது. அது துள்ளக் கூடாது. பெட்டி நல்லா இருந்தா அந்தத் துள்ளலை வாங்கி அடக்கிடும்."

நான் கீழ்க் கோட்டைப் பார்த்தேன். அது துள்ளியது. மேல் கோடு ஏறினால் அதுவும் ஏறியது. அது இறங்கினால் கொஞ்சம் தள்ளி இதுவும் இறங்கியது.

எனக்கு இங்கிலீஷ் வராது. மாமனார் கையிலிருந்த பெட்டியில் எழுதியிருந்த ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் கோடு படிக்கப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. அடங்கு, அடங்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பு ஓடியது எதுவும் மனதில் பதியவில்லை.

"எதுனால கெடும்?" என்று மாமனார் கேட்டார்.

"எஞ்சின்ல ஒரு பிளக் சரியா எரியாம ஓட்டினா, எரியாத பெட்ரோல் அந்த சைலன்சர் பெட்டிக்குள்ள போய் எரியும். உள்ள கூடே வெந்துடும். அதுக்குத்தான் அப்ப மட்டும் வெளக்கு நின்னு எரியாது, சிமிட்டும். சிமிட்டினா ஓரங்கட்டி நிறுத்துன்னு அர்த்தம்."

சிமிட்டியது எனக்கு நினைவிருந்தது. முந்தைய மழைக்காலம், வெங்கம்பாக்கம் பக்கம் சாலையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறியதும் வண்டி உதறியது, விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பல்பில் லூஸ் காண்டாக்ட் என்று நினைத்தேன். நின்று எரிந்தாலாவது ஏதோ இருக்கிறது, சிமிட்டுவது பல்பின் கோளாறு என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, பிளக் மாற்றக் கையில் காசு வரும்வரை ஒரு வாரம் அப்படியே சவாரி அடித்தேன். ஒவ்வொரு காலையும் வயரைக் கழற்றி மாட்டினேன்.

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்கு எதிரில் நிழல் பார்த்து நிறுத்தினார்கள். மருமகன் எஞ்சினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"சந்தேகம் பதிஞ்சிருக்கு மாமா. மொத தடவை தப்பு தெரிஞ்சா வெளக்கு போடாது, மனசுல வெச்சுக்கும். வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஓட்டும்போது அதே தப்பு திரும்பத் தெரிஞ்சாத்தான் வெளக்கு. சாப்ட்டுப் போறப்ப பாத்துக்கலாம்."

புரோக்கரைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்லவே முடியாது, ஆனால் அன்று அவருக்கும் பாவம் வேர்த்துக் கொட்டியது. மாமனாரும் மருமகனும் கை கழுவப் போனதும் என் காதருகே வந்தார்.

"அண்ணாத்த, ஸ்பேனர் கீதா?"

"டிக்கில கீது."

"அப்பறம் இன்னா முழிச்சுகினு குந்தியிருக்க? ரெண்டு நிமிஷம். போய்க் கழட்டி மாட்டிட்டு வா. அதுக்கு எல்லாம் மறந்துடும்."

"மறந்துட்டா, மறந்துடுச்சுன்னு அந்தப் பெட்டியில தெரியுமே."

அவர் வண்டியின் பக்கம் திரும்பி முறைத்தார். "பேஜாரு புடிச்ச பெட்டி" என்றார்.

மறந்தது தெரியும் என்று என் வாயால் சொன்னபோதுதான் எனக்கே முழுதாக விளங்கியது. கழற்றினால் கழற்றியது தெரியும். கழற்றாவிட்டால் விளக்கு வரும். போதாததற்கு வண்டி பூட்டியிருந்தது, சாவி மருமகன் சட்டைப் பையில் இருந்தது. அந்தக் கதவை எனக்குத் திறந்துவிட்டதும் அவர்தான்.

மாமனார் வாழையிலை நறுக்கில் புளியோதரை வைத்து என்னிடம் நீட்டினார். "சாப்புடுங்க தம்பி. காலைலேருந்து மொகமே சரியில்ல. வண்டியைப் பிரியற வருத்தமா?"

"ஆமாங்க" என்றேன். வாங்கிக்கொண்டேன். ஒரு கடலைப் பருப்பு வாய்க்குள் வெகு நேரம் மெல்லப்படாமலே கிடந்தது.

மறுபடியும் ஏறினோம். இந்தத் தடவை மருமகன் வடக்கே மாமல்லபுரம் பக்கம் விட்டார். பெட்டியில் மேல் கோடு துள்ளியது, கீழ்க் கோடு துள்ளியது. நான் அதை விட்டுவிட்டு டேஷ்போர்டில் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு சீட்டுக்கும் நடுவில் கழுத்தை நீட்டினால் தெரியும். இப்போது இல்லை, இப்போது இல்லை, இப்போதும் இல்லை. ஒருவேளை கம்ப்யூட்டரே மனசு மாறிவிட்டதோ என்று நினைத்தேன். கல் செதுக்கும் சத்தம் ஜன்னல் வழியாக உள்ளே வரத் தொடங்கியது. என் ஸ்டாண்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஏனோ தோன்றியது.

விளக்கு வந்தது. சிமிட்டவில்லை. சத்தமில்லாமல் நின்று எரிந்தது.

"வந்துடுச்சு மாமா" என்றார் மருமகன், எதிர்பார்த்த பஸ் வந்ததைச் சொல்வது போல.

ஓரமாக நிறுத்தினார். அவரும் மாமனாரும் இறங்கி, பானெட்டுக்கு முன்னால் நின்று பேசினார்கள். கண்ணாடி வழியாக அவர்கள் வாய் அசைவதைப் பார்த்தேன். புரோக்கர் தன் பக்கத்துக் கதவின் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"தொறக்க மாட்டேங்குது அண்ணாத்த."

"உள்ளேருந்து தொறக்காது. நான்தான் போட்டு வெச்சேன்."

"இதையும் நீதான் பண்ணி வெச்சியா?"

மருமகன் வந்து திறந்துவிட்டார். சைலன்சர் குழாயில் இருக்கும் அந்தப் பெட்டியை மாற்ற இருபத்தெட்டாயிரம் ஆகும், அதை விலையில் கழித்துக்கொண்டால் வாங்கலாம், இல்லையென்றால் வேண்டாம் என்றார். வேறு ஆள் பார்க்க எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருந்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மாமனார் மருமகனின் தோளைத் தொட்டு, "இருபதாயிரம் கொறைச்சிப்போம் மாப்ள. மீதி நம்ம பாடு" என்றார். மருமகனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

புரோக்கர் என்னைத் தனியாக இழுத்துப் போனார். "நான் ஐயாயிரத்துல ரெண்டு விட்டுத் தரேன். துண்டு விழறதுக்கு எனக்குத் தெரிஞ்ச தண்டல்காரர் ஒருத்தர் கீறாரு. நாளைக்கே குடுப்பாரு. அதைப் போட்டுக் கட்டினாத்தான் பைனான்ஸ்காரன் பேப்பரை விடுவான்."

"தண்டலை தெனமும் கட்டணுமே. வண்டி இல்லாம எதை ஓட்டிக் கட்டறது?"

"அதை அப்பறம் பாக்கலாம் அண்ணாத்த. இப்ப சரின்னு சொல்லு."

சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

பேசிய பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு மருமகனும் மாமனாரும் வண்டியோடு திருக்கழுக்குன்றத்துக்குத் திரும்பினார்கள். மாமனார் ஜன்னல் வழியாகக் கையாட்டினார். இனி அந்த வண்டியின் பேட்டரி வயரை யாரும் கழற்ற மாட்டார்கள், கடிகாரம் சரியான நேரம் காட்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

செல்போனை எடுத்தேன். ஒரு மிஸ்டு கால் விட்டால் விற்றுவிட்டது, கடன் ஒழிந்தது என்று அவள் சாமிக்கு விளக்கேற்றிவிடுவாள். இரண்டு விட்டால் விற்கவில்லை என்று அழுவாள். நடந்தது இரண்டும் இல்லை. மூன்றாவதாக ஒன்றை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒரு தடவை மணி அடித்ததும் கட் செய்யக் கை போனது. செய்யவில்லை. அடிக்க விட்டேன். முழு அழைப்பு வருவதைப் பார்த்துப் பதறிப்போய்த்தான் எடுத்தாள்.

"இன்னாச்சு? காசு ஓடுது, சீக்கிரம் சொல்லு. வித்துதா, இல்லையா?"

"வித்துடுச்சு."

"அப்பறம் எதுக்குப் பேசுற?"

"பாக்கி கீது" என்றேன்.

"எவ்ளோ?"

"பதினெட்டாயிரம்."