கண்ணாடி ஜாடியில் ஒரு கால்

அந்தப் பழைய சர்க்கார் ஆஸ்பத்திரியின் மாடியில் இருக்கும் காட்சிக்கூடத்தை நினைத்தாலே எனக்குக் குமட்டும். அந்த மருந்து நாற்றம் மூக்கில் ஏறினால் அப்புறம் சோறு இறங்காது. ஜாடி ஜாடியாக வெளிறிப்போன குடல், வெடித்த ஈரல், கண் திறக்காத சிசு. இதைக் காசு கொடுத்துப் பார்க்க ஒரு கூட்டம் வேறு. என் அக்கா புருஷனுக்கோ அதுதான் உல்லாசப் பயணம். வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும், என் காலைப் பார்த்துவிட்டு வரலாம் வாங்க என்று ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மாமா தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எலும்பில் என்னமோ அபூர்வமான கட்டி வந்து இடது காலை முழங்காலோடு எடுத்தார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு உதவும் என்று ஜாடியில் போட்டு வைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். வாய் மட்டும் ஓயவில்லை. தன் உடம்பிலேயே அந்த ஒரு காலுக்குத்தான் சர்க்கார் வேலை கிடைத்தது, சம்பளம்தான் வரக் காணோம் என்பார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும்தான். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும்.

போன மாதம் கூடத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றும், கலங்கிப்போன பழைய ஜாடிகளில் இருப்பதை வார்டுக் குப்பையோடு எரிக்கப் போகிறார்கள் என்றும் தெரிந்தது. மாமா ஆடிப்போய்விட்டார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். எப்படியாவது காலை வாங்கி மண்ணில் புதைத்துவிட வேண்டும், பஞ்சோடும் கட்டுத்துணியோடும் அது வேகக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தலையெழுத்தே என்று கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடப் போனேன்.

அலமாரியெல்லாம் காலி. தரையில் மூன்று ஜாடிகளில் மூன்று இடது கால்கள். ஊறிய தோல் பாலாடை போல் உரிந்து மிதந்தது. ஒட்டியிருந்த சீட்டுகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன. எது உங்களுடையது என்று கூடத்துக்குப் பொறுப்பான அதிகாரி கேட்டார். மாமா குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார். அலமாரியில் அது இருந்த இடம்தான் அவருக்குத் தெரியும். வீட்டு ஆள் யாராவது அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் கொடுத்துவிடுவதாக அதிகாரி இரங்கி வந்தார். மாமாவை அங்கிருந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்காவை நான்தான் போய் அழைத்து வந்தேன். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் படி ஏறியதே இல்லை.

அக்கா மூக்கைக்கூடப் பொத்தவில்லை. மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு நடுவில் இருந்ததைக் காட்டினாள்.

"நல்லாத் தெரியுமாம்மா?" என்றார் அதிகாரி.

"சுண்டுவிரல் உள்ள மடங்கியிருக்கு பாருங்க. என் வயித்துல உதைக்க வந்தாரு. நான் விலகிட்டேன், கட்டில்ல பட்டு முறிஞ்சுது. தினமும் உதை வாங்கினவளுக்கு அந்தக் காலைத் தெரியாதா?"

அவள் குரல் ஏறவே இல்லை. மாமா பழசெல்லாம் இப்போது எதற்கு என்று முனகிவிட்டு, விருந்தாளிகளிடம் சிரிக்கும் அதே சிரிப்பைச் சிரித்தார். சீ! அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வந்த அருவருப்பு அங்கே எந்த ஜாடியைப் பார்த்தும் வந்ததில்லை.

அதிகாரி தாளையும் பேனாவையும் நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"குப்பையோடவே எரிச்சிடுங்க சார்," என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

மாமா பெஞ்சிலிருந்து எழுந்துகொள்ள என்னிடம் கை நீட்டினார். நான் அக்காவுக்குப் பின்னால் படி இறங்கிவிட்டேன்.