குலசேகரம் பக்கம் ஒரு மலை இருந்தது

நிலவியல் முதுகலையில் கடைசிப் பருவம் வந்தால் ஆளுக்கொரு மலையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அதுதான் ஆய்வேடு. நான் பிடித்தது குலசேகரம் பக்கம் ஒரு சின்னப் பாறைமலை. முதலாண்டில் வகுப்போடு போனபோதே மனசில் உட்கார்ந்துவிட்டது. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள், நடுவே மாதுளை முத்துபோல் சிவந்த கார்னெட் மணிகள். இந்த மாதத்துக்குள் மாதிரிக் கற்கள் எடுத்து ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும். போன சனிக்கிழமை சுத்தியலோடு கிளம்பினேன்.

நாகர்கோவில் வடசேரியில் காலை ஆறரைக்குப் பேருந்து. முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி கிடைத்தது, லாபம். குலசேகரத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே குளுகுளுவென்று பாதை.

"எறங்கு மக்ளே, எடம் இதுதான்" என்றார் ஆட்டோக்காரர்.

இறங்கினால், எதிரே வெறும் வானம்! கீழே பச்சைத் தண்ணீர் தேங்கிய பெரும் பள்ளம். இடம் மாறிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். செயற்கைக்கோள் படத்தில் மலை ஜம்மென்று நிற்கிறது.

"அண்ணே, மலை எங்கண்ணே?"

"அது போச்சுல்லா. ஒடச்சு லாரில கேத்தி எங்கெல்லாமோ கொண்டு போனாவ. கடைசில போனது குளச்சல் பக்கம், அலைக்குக் கல்லு போட. ஒனக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"அட, அங்கயேதான்!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணிபர்ஸைத் தொலைக்கலாம், மலையைத் தொலைப்பார்களா? ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் போட்டேன். இயற்கையாக நிற்கும் பாறையில் எடுத்தால்தான் மாதிரி, பெயர்த்த கல் செல்லாது, வேறு மலை பார்த்து அடுத்த பருவம் கொடு என்றார். அவ்வளவுதான், ஆறு மாதம் போயிற்று.

நேரே வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடல், நடுவில் அலைத்தடுப்புக் கற்கள். விடுதியிலிருந்து வரும்போதெல்லாம் அவற்றின்மேல்தான் துணி காயப்போடுவேன். ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. பார்த்தேன். அதே பட்டை, அதே சிவப்பு மணிகள். உடைத்து உள்முகத்தைப் பார்த்துவிடலாமென்று சுத்தியலை ஓங்கினேன்.

"ஏட்டி! என்ன செய்யுக? கல்ல ஒடைக்காத!" அம்மா ஓடி வந்தாள்.

"எம்மா, இது எனக்க மலைம்மா!"

"ஒனக்க மலையா? போன ஆடில அடுக்களை வர தண்ணி ஏறுனத மறந்துட்டியா? அதுக்குப் பொறவு போட்ட இந்தக் கல்லு கெடக்கப் போய்த்தான் நான் கண்ண மூடி ஒறங்குதேன்."

சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

பாறை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. செயற்கைக்கோள் படம் எந்த வருடத்தது என்று பாருங்கள். போகும் முன்பே குலசேகரம் ஆட்டோ ஸ்டாண்டில் மலை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், வெட்கப்படாதீர்கள். பள்ளத்தின் விளிம்புக்குப் போகவே போகாதீர்கள். என் மலையைப் பார்க்க ஆசையென்றால் எங்கள் வீட்டுக்கே வரலாம், தொட்டும் பார்க்கலாம். ஆனால் சில்லுகூடப் பெயர்க்க நானே விடமாட்டேன், ஆடி வரப்போகிறது.