கழித்தல் குறியோடு ஒரு குடித்தனம்

கணினியைக் கண்டுபிடித்தவனுக்கே காதைத் திருகிக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும் தகுதி இந்த அண்டசராசரத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. நாடக அரங்கின் பின்சுவரோரம், கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து ஒலியைப் பார்த்துக்கொள்ளும் கம்பி அக்காதான் அது.

அவள் திரை முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் கம்பி போலக் கோடுகள்; அதனால் அந்தப் பெயர். ஒரு கட்டம் மழைச் சத்தத்தை உண்டாக்கும். அந்தச் சத்தத்தை எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு இறக்குவது என்று இன்னொரு கட்டம் கணக்குப் போடும். இந்தக் கணக்குக் கட்டம்தான் அக்காவின் ஜென்ம விரோதி. அடைப்புக்குறிக்குள் கழித்தல் வந்தால் விடையைத் தலைகீழாக்கிவிடும். இறங்கு என்றால் ஏறும். மென்பொருள் செய்தவர்களுக்கு எழுதிப் போட்டாள். அது அப்படித்தான் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பக்கத்து அறைக் குறட்டைக்குப் பழகுவதுபோல அக்கா பழகிக்கொண்டாள். ஒவ்வொரு கணக்குக் கட்டத்துக்குப் பின்னாலும், விடையைத் திருப்பிப்போட ஒரு குட்டிக் கட்டத்தை மாட்டினாள். அந்தக் குடித்தனம் வருஷக்கணக்கில் சண்டையில்லாமல் ஓடியது.

புது நாடகம் வந்தது. இது ஒழுங்காக நடந்தால்தான் வேலை நீடிக்கும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அதே மேலாளர், முதல் காட்சியன்று ஒத்திகை முடிந்து அக்கா சாப்பிடப் போன நேரத்தில், எல்லாக் கணினியிலும் அந்த மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றிவைத்தார். அவளிடம் மூச்சு விடவில்லை.

மேடையில் தகப்பன் சாகக் கிடக்கிறார். மகளிடம் கடைசி வார்த்தை சொல்லும்போது மழை அடங்க வேண்டும். மாறாக, பிய்த்துக்கொண்டு கொட்டியது. அக்கா பதறி ஒலியைக் கையால் அமுக்குவதற்குள் தகப்பன் வெறும் வாயை அசைத்துவிட்டுச் செத்துப்போனார். கூட்டத்தில் எவனோ சிரித்தான்.

இடைவேளையில் இயக்குநர் வந்து நின்றார். "என்னம்மா, வானம் பொத்துக்கிச்சா?"

"புதுப் பதிப்புல கணக்குக் கட்டத்தச் சரி பண்ணிட்டாங்க சார். அதான் கெட்டுப்போச்சு."

"சரி பண்ணா எப்படிம்மா கெடும்? காதுல பூ சுத்துறியா?"

"இத்தன நாளா அது தப்பா சொல்லும், நான் திருப்பிப்பேன். இப்ப அது சரியா சொல்லுது. என் கட்டம் இன்னும் திருப்பிட்டே இருக்கு."

"குறுக்கு வழில போனா இப்படித்தான்," என்றார் மேலாளர், பின்னாலிருந்து.

அக்கா திரைப் பக்கம் திரும்பினாள். தான் மாட்டிய குட்டிக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். இரண்டாம் பாதியில் மழை சொன்ன இடத்தில் அடங்கியது. நாடகம் முடிந்ததும் நடிகர்கள் அத்தனை பேரும் பின்சுவர்ப் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். மேலாளர் கண்கலங்கி, நீ இல்லாவிட்டால் அரங்கமே இல்லை என்றார்.

இந்தக் கதையை இதுவரை எழுதிய தாளை, எழுதியவன் தோளுக்குப் பின்னாலிருந்து கம்பி அக்கா உருவினாள்.

"டேய் தம்பி, யார்ரா கைதட்டினது?"

"தட்டிருப்பாங்கக்கா."

"நான் ஒயரச் சுருட்டி முடிக்கறதுக்குள்ள லைட்ட அணைச்சுட்டுப் போயிட்டாங்க. அந்த வரிய அடி. பதிவு பண்ண மழைய வெச்சுப் பொத்தான் அமுக்க வேற ஆள் வருது, நீ வராதன்னு மேலாளர் சொன்னார்ல, அத எழுது."

பேனா நகரவில்லை. அக்கா தாளை மறுபடி மேலிருந்து படித்தாள்.

"நாற்காலி கால் ஆடுறது நிஜம். அது இருக்கட்டும்."