ஈரப் பெயிண்டில் வைத்த பொட்டு

2001-ஆம் வருடம். பெங்களூரில் ஐ.டி. கம்பெனிகள் கொத்துக் கொத்தாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டையும் அது விட்டுவைக்கவில்லை. என் கணவருக்கு வேலை போய்விட்டது.

முதலில் இன்டர்வியூ, இன்டர்வியூ என்று அலைந்தார். போகப் போகப் பேச்சே நின்றுபோனது. ஒருநாள் பி.வி.சி. குழாய், ஃபோம் ஷீட், ஃபைபர் என்று என்னென்னவோ ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். சின்ன வயதில் ஒரு ஆங்கிலப் படத்தில் பார்த்த ரோபோவை அதே அளவில் செய்யப்போகிறாராம். ஆளைவிட உயரம்!

செய்ததுகூடப் பெரிதில்லை. அதைத் தேய்த்தாரே, அதுதான் கொடுமை. கார் ஷெட்டில் பள்ளம் அடைக்கப் பூசுகிற புட்டிப் பசையைப் பூசுவார், காயவைப்பார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி பூசுவார். இணைப்பு இருக்கிற இடமே தெரியக்கூடாதாம். இட்லியில் புட்டித் தூள், தலையணையில் புட்டித் தூள். நானோ பள்ளிக்கூட டீச்சர். வேலைக்குப் போய்த் தப்பித்துக்கொள்வேன். என் மாமியாருக்கு அந்த வழியும் இல்லை.

"ஏழு கழுதை வயசாச்சு, பொம்மை வெச்சிக்கினு விளையாடறான்" என்று காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் சொல்லிப் புலம்புவார். சொந்தக்காரர்கள் யாராவது மகனைப் பற்றிக் கேட்டால், "சும்மாதான் இருக்கான்" என்பார். அது காதில் விழும்போதெல்லாம் என் கணவர் தேய்க்கும் சத்தம் சட்டென்று நிற்கும்.

இந்தச் சமயத்தில்தான் நண்பர் ஒருவர் மூலமாக, விளம்பரப் படங்களுக்கு செட் போடும் ஒரு கன்னடக்காரர் விஜயதசமியன்று ரோபோவைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். வேலைப்பாடு பிடித்திருந்தால் தன்னோடு சேர்த்துக்கொள்வாராம். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் கணவர் முகத்தில் களை வந்தது. ஹாலில் என் பழைய புடவைகளைச் சுற்றிலும் கட்டி மறைத்து, சில்வர் பெயிண்டைக் கடைசிப் பூச்சாக ஸ்ப்ரே செய்தார். மழைக்காலம் வேறு, லேசில் காயாது. "யாரும் கிட்ட வராதீங்க" என்று எச்சரித்தும் வைத்தார்.

மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அவரவர் தொழிலுக்குரியதைச் சாமி முன்னால் வைத்துப் பொட்டு வைப்போம். மாமியாரின் அரிவாள்மணை, என் பாடப் புத்தகங்கள், இறந்துபோன மாமனாரின் ஸ்பேனர்கள் எல்லாம் வந்தன. வருடா வருடம் என் கணவரின் ஆபீஸ் பையும் இருக்கும். அந்த வருடம் அந்த இடம் காலி. அவர் அதைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

நான் பொரியைத் தட்டில் கொட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தால், ஐயோ! புடவைத் திரைக்குள்ளே மாமியார். ரோபோவின் நெஞ்சில் மூன்று விரல் சந்தனம், நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். கழுத்தில் சாமந்திப் பூ, ஒவ்வொரு இதழும் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

"இன்னாம்மா, இன்னும் ஈரமா இருக்குது?" என்று சில்வர் விரல்களை என்னிடம் காட்டினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "அத்தை, நாளைக்கு ஆள் வர்றாங்க! இப்படிப் பாழ் பண்ணிட்டீங்களே!" என்று கத்தியேவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது.

சத்தம் கேட்டு என் கணவர் ஈரத் தலையோடு ஓடி வந்தார். பார்த்தார். உப்புத்தாளை எடுத்தார். உடனே தேய்த்து மறுபடி அடித்தால் காலைக்குள் ஒருவேளை காய்ந்துவிடும். தாளை நெஞ்சுக்குக் கிட்டே கொண்டுபோனவர் திரும்பி, "இதுக்கு எதுக்கும்மா வெச்சே?" என்று கேட்டார்.

"தொழிலுக்கு வெக்கிற பொட்டுடா. உன் தொழிலுக்கு வெக்காம வேற எதுக்கு வெப்பேன்?"

அவர் கையிலிருந்த தாள் கீழே விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார். வேலை போன அன்றுகூட அழாத மனிதர். மாமியார் பயந்துபோய், "வேணாம்னா துடைச்சிடறேன்டா கண்ணு" என்று முந்தானையை எடுத்தார். "தொடாதம்மா, இருக்கட்டும்" என்று என் கணவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் வந்தவரிடம் என் கணவர் அந்தப் பொட்டைப் பற்றித் தடுமாறி விளக்க ஆரம்பித்தார். வந்தவரோ செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து, "பூஜே ஆகிதே அல்வா? பிடி சார்" என்றார். பூஜை ஆகிவிட்டதல்லவா, விடுங்கள் என்று. பிறகு தோளையும் முழங்கையையும் தடவித் தடவி இணைப்பைத் தேடினார். கிடைக்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் இன்றைக்கும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறார்.

அந்த மாதங்களில் அவருக்கு ஆறுதல் சொன்னவள் நான், திட்டித் தீர்த்தவர் மாமியார். ஆனாலும் என் கணவர் செய்துகொண்டிருந்ததற்கு 'தொழில்' என்று முதலில் பெயர் சொன்னது மாமியார்தான். அதை நான் சொல்லியிருக்கக்கூடாதா என்று, ஒவ்வொரு ஆயுத பூஜையன்றும் எனக்கு மாமியார்மேல் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.