கீபோர்டுக்குள் இருந்த குங்குமம்

ஐந்து வருடம் உழைத்த என் வயர்லெஸ் கீபோர்டில் பட்டன்கள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கின. கேமில் ஓட வேண்டிய ஆள் நின்ற இடத்திலேயே செத்துக்கொண்டிருந்தான். பேட்டரி மாற்றினேன், ரிசீவரை வேறு இடத்தில் செருகினேன். ஒன்றும் சரியாகவில்லை. உடனே வீட்டு வேலைக்கு வரும் மேரியம்மா மேல் பாய்ந்தேன்.

“ஈரத்துணி போட்டுத் துடைச்சியா?”

“அய்யோ, நீங்கதானே தொடக்கூடாதுன்னு சொன்னீங்க. நான் கை வச்சதே இல்ல சார்.”

“பொய் சொல்லாத!” பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

அன்றே பழசையும் எடுத்துக்கொண்டு, கேமிங் கீபோர்டு வாங்க சிவாஜிநகர் கடைத்தெருவுக்குப் போனேன்.

“கேமுக்கு வயர் வச்சதுதான் சார் பெஸ்ட்டு. பழசையும் குடுங்க, பாத்துடலாம்” என்றார் கடைக்காரர். பேப்பரை விரித்து, பட்டன்களை நெம்பி எடுத்துவிட்டு, கவிழ்த்துத் தட்டினார்.

கொட்டியதைக் குனிந்து பார்த்தேன். நான் கடித்துத் துப்பிய நகங்கள், சிக்குப்பிடித்த காராபூந்தி, தலைமுடி. எல்லாவற்றையும் பசைபோலப் பிடித்து வைத்திருந்தது, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நானே அப்பிய சந்தனமும் குங்குமமும். பூஜை போட்டேனே தவிர, ஒருநாளும் துடைத்ததில்லை.

“பூஜை ஜோரா பண்ணிருக்கீங்க சார்” என்று கடைக்காரர் மூக்கைச் சுளித்தார்.

மறுநாள் மேரியம்மா புதுக் கீபோர்டைப் பார்த்தார். “இனிமே இந்த மேசைப் பக்கமே வரமாட்டேன் சார்” என்றார். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். “சரி” என்று மட்டும் வந்தது.

அந்த நகங்களைவிட, அந்தச் ‘சரி’தான் எனக்கு இன்றும் குமட்டுகிறது.