நான் கொட்டிய ‘ம்’

செர்பியாவின் பெல்கிரேடில் ஒருவர் பேசினால் மற்றவர் வாயே திறக்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அது இன்னும் பழகவில்லை. சிதம்பரம் பக்கத்தில் போனில் நாம் ‘ம்’ கொட்டாவிட்டால், “லைன்ல இருக்கியாப்பா?” என்று கேட்டுவிடுவார்கள். அதனால் என் வீட்டு ஓனர் மிலான் பேசும்போதும் ‘ம்’ கொட்டினேன். அவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். ஞாயிறுதோறும் காபி கொடுத்து, ரஷ்யர், செர்பியர் என்று ஸ்லாவ் மக்கள் எல்லோரும் ஒரே ரத்தம், உக்ரைனியர் என்று தனி இனமே கிடையாது, அது அந்நியர் கட்டிவிட்ட கதை என்பார். பெரியவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்பது என் வளர்ப்பு.

இந்தப் பேச்சு எனக்குப் புதிதும் இல்லை. குமராட்சியில் என் பெரியப்பா, “ஒரே ரத்தம், நமக்குள்ள எதுக்குடா வரப்பு?” என்று சொல்லிச் சொல்லியே அப்பாவின் நிலத்தில் தன் டிராக்டரை ஓட்டினார். வரப்பு ஒருமுறைகூட அவர் பக்கம் நகர்ந்ததில்லை. இவ்வளவும் தெரிந்தும் ‘ம்’ கொட்டினேனே என்று என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

போன மாதம் மிலான் ஒரு பத்திரிகையில் எழுதினார். தொன்மையான தமிழினத்தைச் சேர்ந்த என் குடித்தனக்காரரே இதை ஒப்புக்கொள்கிறார் என்று என் படத்தோடு. மேல்மாடி ஒக்சானா அதைப் படித்துவிட்டாள். உக்ரைனின் கார்கிவில் போரில் வீடு இடிந்து, மகளோடு இங்கே வந்தவள். நான் வந்த புதிதில் விசா ஆபீசுக்குத் துணையாக வந்தவளும் அவள்தான். கதவைப் பாதி திறந்து, “நான் என்று ஒருத்தி இல்லவே இல்லை என்றாயா?” என்று கேட்டாள். எங்கள் ஊரில் ‘ம்’ என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அர்த்தம் என்றேன்.

“கேட்டாய். அப்புறமும் சும்மா இருந்தாய்” என்று கதவைச் சாத்தினாள்.

கீழே போய், மறுப்புப் போடச் சொன்னேன். “நீ விருந்தாளி. இது எங்கள் குடும்ப விஷயம்” என்றார் மிலான்.

அன்றைக்கே கடலூர் செம்மண்டலத்திலிருந்து அத்தை மகன் கூப்பிட்டான். “மச்சான், பத்திரிகைல வந்த உன் போட்டோவ நெட்ல பாத்து நம்ம சொந்தக்காரங்க குரூப்ல போட்டுட்டேன். அந்தப் புரொபசர் சொல்றது கரெக்ட்தான? தெலுங்கு, மலையாளம் எல்லாம் நம்மகிட்டேந்து பிரிஞ்சவுங்கதான?”

“அவுங்கள கேட்டியா மச்சான்?”

“அவுங்கள எதுக்குக் கேக்கணும்?”

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று குரூப்பில் எழுதினேன். அதையே செர்பிய மொழியில், பிழையோடு பிழையாக, ஒரு தாளில் எழுதி ஒக்சானாவின் கதவடியில் தள்ளிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். கீழிருந்து மிலான் காபிக்குக் கூப்பிட்டார். போனில், “வெளிநாடு போயி மாறிட்டான்” என்று சொந்தக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். மேலே, தாளை யாரோ உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.